சூடாமணி அளக்கச் சொன்ன நிழல்

என் அம்மா சூடாமணி அடுப்பில் பாலை வைத்தாள், உள்ளே போய் என்னைப் பெற்றாள், திரும்பி வந்து பால் பொங்குவதற்குள் இறக்கி வைத்தாள். நாற்பது வருஷமாக இப்படித்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன். எழுத்தில் வரும்போது கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பால் பொங்கியது, வழிந்தது, அடுப்பை அணைத்தது, மிச்சம் அடிப்பிடித்துக் கரியாயிற்று. ஆனால் முதல் வலிக்கும் என் முதல் அழுகைக்கும் நடுவே அரைமணி கூட ஆகவில்லை என்பதும், அந்த அரைமணியில் வீட்டில் வேறு ஒரு ஜீவன் இல்லை என்பதும் சத்தியம். பூனை இருந்தது. பூனையையும் சேர்த்துக்கொண்டால் ஒரு ஜீவன்.

அம்மா எதையுமே மெதுவாகச் செய்து நான் பார்த்ததில்லை. பந்தியில் மற்றவர்கள் ரசத்துக்கு வருமுன் அவள் இலையை மடித்திருப்பாள். வலியசாலைத் தெருவில் அவள் போடும் கோலத்துக்குப் புள்ளி வைத்ததை யாரும் கண்டதில்லை, கோடுதான் கண்டிருக்கிறார்கள். சேரன்மாதேவியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மகளாகப் பிறந்து, எட்டாம் வகுப்பு வரை படித்து, கணக்கில் முதலாவதாக வந்து, பதினான்கு வயதில் திருவனந்தபுரத்துக்கு மருமகளாக வந்தவள். வந்த அன்றே கிரஹப்பிரவேச விருந்துக்குச் சமையல்காரர் நூற்றைம்பது பேருக்கு எத்தனை படி அரிசி என்று விரல் மடக்கிக்கொண்டிருந்தபோது, மணையில் உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண் விடையைச் சொல்லிவிட்டாள். அதை என் பாட்டி பாகீரதி ஆயுசுக்கும் மன்னிக்கவில்லை.

அப்பா சாம்பசிவன் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. அவர் கோட்டுப் பொத்தான்களைப் போட்டு முடிப்பதற்குள் அம்மா அவருக்குத் தயிர்சாதம் கட்டி, குடையைத் துடைத்து, வாசலில் கொண்டு வைத்து, இரண்டு தடவை கூப்பிட்டும் விடுவாள். வீட்டில் இருந்த ஒரே கடிகாரம் அந்தக் கோட்டுப் பையில்தான் இருந்தது. பகலெல்லாம் கடிகாரமும் கச்சேரியில் இருக்கும். எங்களுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. கோவிலில் மணி அடித்தால் தெரியும். மற்றதற்கு முற்றத்து வெயில் இருந்தது.

பாகீரதிப் பாட்டியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பாட்டி உலகத்தில் நம்பிய ஒரே வஸ்து பஞ்சாங்கம். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். அந்தப் படிப்பு முழுவதையும் பஞ்சாங்கத்திலேயே செலவழித்தாள். நல்ல நேரம் பார்க்காமல் ஊறுகாய்ப் பானையைக்கூடத் திறக்க மாட்டாள். ராகுகாலத்தில் பிச்சைக்காரன் வந்தால் "செத்த நின்னுட்டுப் போ" என்று நிற்க வைத்து, காலம் கழிந்த பிறகு அரிசி போடுவாள்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. பாட்டிக்குத் தைலாம்பாள் என்று ஒரு தங்கை. நிறமும் களையும் பாட்டும் எல்லாம் இருந்தன. ஆனால் பிறந்தது ஆயில்யம். ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பதினோரு ஜாதகம் போய்ப் பதினொன்றும் திரும்பி வந்தது. கடைசியில் தாயார் இல்லாத மாப்பிள்ளையாகத் தேடினார்கள். வித்துராவில் காட்டிலாகா குமாஸ்தா ஒருவர் கிடைத்தார். வயது நாற்பத்தாறு, மூன்றாம் தாரம். தாயார் இல்லை என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே தகுதி. இரண்டாம் வருஷம் மலைக்காய்ச்சலில் அவர் போய்விட்டார். தைலாம்பாள் பத்தொன்பது வயதில் தலையை மழித்துக்கொண்டு அண்ணன் வீட்டுப் பின்கட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவள் பாடுவதை அதன்பிறகு யாரும் கேட்கவில்லையாம். பாட்டி இதைப் பற்றிப் பேசமாட்டாள். மாசத்தில் ஒருநாள் தங்கையைப் பார்க்கப் போவாள், திரும்பி வந்து குளித்துவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டும் பிள்ளைகள். மூன்றாவது பெண்ணாக இருக்கும் என்று பாட்டி வயிற்றைப் பார்த்தே தீர்மானித்துவிட்டாள். ஏழாம் மாசத்திலிருந்து பஞ்சாங்கத்தைப் புரட்டியபடி இருந்தாள்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றொன்று, கும்ப மாசம். மறுநாள் மாசி மகம். காலையில் பாட்டி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"சூடாமணி, இன்னிக்கு இருபத்திரண்டு நாழிகை வரைக்கும் ஆயில்யமாக்கும். அதுக்கப்புறம் மகம். கேட்டியா?"

"கேட்டேன்."

"வயறு எப்படி இருக்கு?"

"வயறு இருக்கற எடத்துல இருக்கு."

"விளையாடாதே. ஏதானும் வந்தாலும் சாயங்காலத்துக்குத் தள்ளிப் போட்டுக்கோ."

"தள்ளிப் போடறதுக்கு அது என்ன கச்சேரிக் கடுதாசா?" என்றாள் அம்மா.

அன்று கரமனை அக்ரகாரத்தில் ஒரு கல்யாணம். நிறைமாசக்காரி கல்யாண வீட்டுக்குப் போகக்கூடாது. ராகேல் என்ற மருத்துவச்சி முந்தின நாள்தான் வந்து பார்த்து இன்னும் பத்து நாள் ஆகும் என்று சொல்லியிருந்தாள். ராகேல் மிஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றவள். அவள் சொன்னால் பாட்டி கேட்பாள், ஏனென்றால் ராகேலுக்கும் எதிலும் சந்தேகம் கிடையாது. ஆகவே பாட்டி என் அண்ணன்மார் இருவரையும், பிறந்தகம் வந்திருந்த தன் மகள் சீதாலக்ஷ்மியையும் கூட்டிக்கொண்டு கரமனைக்குப் போனாள். சீதாலக்ஷ்மி என் அத்தை. அப்போது பதினெட்டு வயது. முகூர்த்தம் முடிந்து, சாப்பாடு முடிந்து, நலங்கு பார்த்துவிட்டு ஐந்து மணிக்குத் திரும்புவதாக ஏற்பாடு.

போகும்போது பாட்டி வாசலில் நின்று இன்னொரு தடவை சொன்னாள்: "நெழலு ஏழடி தாண்டினா மகம். ஓர்மை வச்சுக்கோ."

நிழல் அளக்கும் விதத்தை இப்போதுள்ளவர்களுக்குச் சொல்லவேண்டும். வெயிலில் நிமிர்ந்து நின்று, தலையின் நிழல் எங்கே விழுகிறது என்று அடையாளம் வைத்துக்கொண்டு, அதுவரை குதிகாலும் கட்டைவிரலும் முட்ட முட்டப் பாதம் வைத்து எண்ண வேண்டும். அவரவர் நிழலை அவரவர் காலால். எத்தனை அடி என்று தெரிந்தால், இன்ன மாசம் இத்தனை அடிக்கு உதயத்திலிருந்து இத்தனை நாழிகை என்று கணக்கு இருக்கிறது. மத்தியானத்துக்குப் பிறகு நிழல் நீண்டுகொண்டே போகும். அன்றைக்கு ஏழடி வரை ஆயில்யம். அதற்கு மேல் மகம்.

சுமார் இரண்டரை மணிக்கு அம்மா மூன்று மணிக் காப்பிக்காகப் பாலை அடுப்பில் வைத்தாள். முதல் வலி அப்போது வந்தது. மத்தியானம் சாப்பிட்ட பலாக்கொட்டைக் கூட்டின்மேல் பழியைப் போட்டாள். இரண்டாவது வலி வந்தபோது கூட்டுக்கு மன்னிப்பு வழங்கிவிட்டு, வாசல் கதவைத் திறந்து தெருவைப் பார்த்தாள். தெருவே கரமனைக்குப் போயிருந்தது. மூன்றாவது வலியில் பனிக்குடம் உடைந்தது. இனி தெருவைப் பார்த்துப் பிரயோஜனமில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தாள்.

பின்கட்டில் நெல் போட்டு வைக்கும் பத்தாயம் இருந்த அறைக்குப் போனாள். பழைய புடவை இரண்டைக் கொடியிலிருந்து இழுத்துத் தரையில் போட்டாள். பத்தாயத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்தாள். கத்தவில்லையா என்று கேட்டிருக்கிறேன். "கத்தினா யாருக்குக் கேக்கும்? பூனைக்கா?" என்றாள். மூன்று தடவை முக்கினாளாம். மூன்றாவது தடவை ஒரு கையைக் கீழே கொண்டுபோய் என் தலையைத் தாங்கிக்கொண்டாள். நான் வழுக்கிக்கொண்டு புடவையில் விழுந்தேன். வாயை விரலால் துடைத்து, கவிழ்த்துப் பிடித்து, முதுகில் தட்டினாள். அழுதேன். பெண். என்னை வயிற்றின்மேல் போட்டு, இன்னொரு புடவையால் இருவரையும் மூடிக்கொண்டு, பத்தாயத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். தொப்புள்கொடியைத் தொடவில்லை. அரிவாள்மணை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் கொடி அறுப்பது ராகேலின் வேலை, துருப்பிடித்த இரும்பைக் கொண்டு யாரும் தொடக்கூடாது என்று ராகேல் முதல் பிரசவத்திலேயே மிரட்டி வைத்திருந்தாள்.

அம்மாவைக் கேட்டால் பிரசவத்தைப் பற்றி இவ்வளவுதான் சொல்லுவாள். மீதியெல்லாம் நிழலைப் பற்றி.

பத்தாய அறையின் கதவு பின்முற்றத்தைப் பார்த்து இருந்தது. வெயில் தெரிந்தது; ஆனால் எழுந்துபோய் அளக்க முடியாது. அந்த நேரத்தில்தான் முத்தாரம்மாள் கொல்லைப்புறக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாஞ்சில்நாட்டுக்காரி. ஆற்றங்கரைத் தோட்டங்களிலிருந்து கீரை கொண்டுவந்து விற்பவள். காலையில் விற்று மிஞ்சியதைப் பிற்பகலில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கொண்டுவந்து கொட்டிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போவாள். பாட்டியை வலியம்மா என்பாள், அம்மாவைக் கொச்சம்மா என்பாள்.

"கொச்சம்மா! என்ன, பிள்ள சத்தம் கேக்குது?"

"உள்ள வராதே!" என்றாள் அம்மா. "முத்தத்துலயே நில்லு. உன் நெழலு எத்தன அடி இருக்குன்னு அள."

முத்தாரம்மாள் கூடையை இறக்கிவிட்டு வாசற்படியில் எட்டிப் பார்த்தாள். "எனக்க பகவதியே! பெத்துப் போட்டுட்டா கெடக்கிய?"

"பெத்தாச்சு. நீ முதல்ல அள."

"கொடி அறுக்கணும், வெந்நி போடணும், ராகேல விளிக்கணும்..."

"ராகேல் அப்புறமும் வருவா. நெழலு நிக்காது. வேகம் அளடீன்னா!"

முத்தாரம்மாள் வெயிலில் போய் நின்றாள். தலை நிழல் விழுந்த இடத்தில் ஒரு கீரைத்தண்டை எறிந்தாள். குதிகாலும் விரலும் முட்ட முட்ட நடந்து எண்ணினாள்.

"ஆறு."

"மேல ஏதானும் உண்டா?"

"ஆறு. திட்டமாட்டு ஆறு."

ஆறு என்றால் ஆயில்யம். அம்மா கண்ணை மூடிக்கொண்டாளாம். மூடிய கண்ணுக்குள் தைலாம்பாளின் மொட்டைத் தலை தெரிந்தது என்று என்னிடம் ஒரே ஒருதடவை சொன்னாள். பிறகு கண்ணைத் திறந்தபோது படியில் நின்றுகொண்டிருந்த முத்தாரம்மாளின் கால்கள் தெரிந்தன.

முத்தாரம்மாள் குள்ளம். குள்ளம் என்றால் எங்கள் கிணற்றுக் கைப்பிடிச் சுவருக்கு மேல் அவள் தலை தெரியாது. (சரி, தலை தெரியும்; தோள் தெரியாது.) கால்களோ வெள்ளத்தில் மிதக்கவிட்டால் இரண்டு பேர் ஏறி அக்கரை போகலாம்.

"உன் காலைக் காட்டு."

"எனக்க காலுக்கு என்ன கேடு?"

"கேடு ஒண்ணுமில்லே. பெரிசு. மனுஷாளுக்கு உயரம் அவா காலால ஆறரை அடின்னு வச்சுண்டாக்கும் இந்தக் கணக்கே. நீ ஆறரை இருக்க மாட்டே. முத்தத்துல படு."

"படுக்கணுமா?"

"படு. தலைமாட்டுல ஒரு கோடு, கால்மாட்டுல ஒரு கோடு. எழுந்து அள."

"பெத்தது நீங்களா நானா கொச்சம்மா? என்னை எதுக்குப் படுக்கச் சொல்லுதிய?" என்று கேட்டுக்கொண்டே முத்தாரம்மாள் படுத்தாள். கரித்துண்டால் கோடு போட்டாள். எழுந்து அளந்தாள்.

"அஞ்சரை."

அம்மா எனக்குப் பால் கொடுத்துக்கொண்டே கணக்குப் போட்டாள். ஐந்தரை அடி உயரத்துக்கு ஆறடி நிழல். ஆறரை அடி உயரத்துக்கு எவ்வளவு? ஆறை ஆறரையால் பெருக்கி ஐந்தரையால் வகுத்தால் ஏழும், பதினொன்றில் ஒன்றும். பலகை இல்லை, பலப்பம் இல்லை, தொப்புள்கொடி கூட இன்னும் அறுக்கவில்லை. நான் பிற்காலத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் விகிதக் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். ஏழும், பதினொன்றில் ஒன்றும்தான் வருகிறது.

"மகம்!" என்றாள் அம்மா. அதற்குப் பிறகுதான் என் கைவிரல் கால்விரல்களை எண்ணிப் பார்த்தாளாம்.

இந்த இடத்தில் நான் அம்மாவைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். முத்தாரம்மாள் நிழலை அளந்தது அவள் வந்த பிறகு. நான் பிறந்தது அவள் வருவதற்கு முன். நடுவில் எவ்வளவு நேரம்?

"அவ வந்தா. நீ இருந்தே. அவ்வளவுதான்" என்பாள்.

முத்தாரம்மாள் அடுத்தபடி ராகேலின் வீட்டுக்கு ஓடினாள். ராகேலை வலியசாலைக்கு விரட்டிவிட்டு, அங்கிருந்து கரமனைக்குப் போனாள். கல்யாணப் பந்தலில் நலங்கு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை தலையில் பெண் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். பந்தலுக்கு வெளியே நின்று முத்தாரம்மாள் உரக்கக் கூப்பிட்டாள்:

"வலியம்மா! கொச்சம்மா பெத்தாச்சு! ஏழடி, பதினொண்ணுல ஒண்ணு!"

பிறப்புத் தீட்டு வந்தவள் கல்யாண வீட்டில் நிற்கக்கூடாது. பாட்டியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் புடவையைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். பாட்டி தாம்பூலம் வாங்காமல் எழுந்தாள். அவள் வெளியே வந்து கேட்ட முதல் கேள்வி, "பொண்ணா?"

"பொண்ணாக்கும்."

"கூட யாரு இருந்தா?"

"ஒருத்தரும் இல்ல."

பாட்டி நடந்தாள். கிள்ளிப்பாலத்தில் ஒருதரம் நின்று, வெயிலைப் பார்த்துவிட்டு, மறுபடி நடந்தாள். பருத்த சரீரம், வழக்கமாக அந்த இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். அன்று உட்காரவில்லை.

வீட்டில் ராகேல் கொடியை அறுத்துக் கட்டி, நஞ்சுக்கொடியை எடுத்து, அம்மாவைத் துடைத்துவிட்டிருந்தாள். பத்து நாள் ஆகும் என்று சொன்னதைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளாகவே, "கர்த்தர் நெனச்சா நமக்கு முன்னாடி வந்துருவார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

பாட்டி உள்ளே வரவில்லை. கொல்லைப்புறமாக வந்து பின்முற்றத்தில் நின்றாள்.

"மகமாக்கும், அம்மா" என்றாள் என் அம்மா உள்ளேயிருந்து. மாமியாரை அம்மா என்று கூப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். "கணக்குப் போட்டாச்சு. ஏழுக்கு மேல."

"எவ்வளவு மேல?"

"பதினொண்ணுல ஒண்ணு."

"அது எவ்வளவு?"

"ஒரு விரற்கடை."

"ஒரு விரற்கடை!" என்றாள் பாட்டி. "ஒரு விரற்கடைய நம்பி ஒரு பொண்ணோட ஆயுச எழுதச் சொல்றியா? நாளைக்கு ஜாதகம் கேட்டு வரவாகிட்ட கீரைக்காரி காலு பெரிசுன்னு சொல்லி ஒப்பேத்த முடியுமா?"

முத்தாரம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்க காலைப் பத்தி ஆளாளுக்குப் பேசுதிய! இந்தக் காலாக்கும் கரமனைக்கு ஓடிச்சு."

"நீ வாயை மூடு. போயிட்டு வர எவ்வளவு நாழி ஆச்சு?"

"போக அரை நாழிக, வர அரை நாழிக."

"ஒரு நாழிகை. அதுக்கு ஒண்ணரை அடி கழிக்கணும்" என்று பாட்டி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "நானே அளக்கறேன். எட்டரைக்கு மேல வந்தா மகம். வரல்லேன்னா, உங்கப்பா பண்ணின பாவம், எங்கப்பா பண்ணின பாவம்னு சொல்லிண்டு ஆயில்யம்னு எழுதிக்கவேண்டியது. கணக்கும் வேண்டாம், கிணக்கும் வேண்டாம்."

உள்ளே அம்மாவும் கூட்டிப் பார்த்தாள். எட்டரை என்பது அவள் கணக்குக்கும் ஒத்துத்தான் வந்தது. ஏழும் பதினொன்றில் ஒன்றும், அதோடு ஒன்றரை; எட்டரைக்கு ஒரு விரற்கடை மேலே. ஆனால் அந்த விரற்கடை நிஜமாகவே அங்கே இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாதா? நான் பிறந்து எவ்வளவு நேரம் கழித்து முத்தாரம்மாள் வந்தாள் என்பது அவளுக்குத் தெரியும். பஞ்சாங்க விஷயத்தில் பாட்டி யாருக்கும் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை என்பதும் தெரியும். என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாட்டி மடிசாரை ஒரு முழம் தூக்கிச் செருகிக்கொண்டு வெயிலில் நின்றாள். சீதாலக்ஷ்மி அத்தை தலை நிழல் விழுந்த இடத்தில் ஒரு கூழாங்கல்லை வைத்தாள். பாட்டி குனிந்து பார்த்துப் பார்த்துப் பாதம் வைத்தாள். உரலைத் தாண்டினாள், துவைக்கிற கல்லைத் தாண்டினாள். கூழாங்கல்லின்மேல் கட்டைவிரல் முட்டியது. நிமிர்ந்தாள்.

"ஒம்பது!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

பிறகு கிணற்றடியில் நான்கு வாளி தண்ணீரைத் தலையில் விட்டுக்கொண்டு, ஈரப்புடவையோடு அறை வாசலில் வந்து நின்று என்னை முதல்முதலாகப் பார்த்தாள். அம்மாவிடம், "உன் கணக்கு சரிதாண்டீ" என்றாள். இருபத்தாறு வருஷ மாமியார் மருமகள் உறவில் பாட்டி அம்மாவைப் பாராட்டிச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான். ஐந்தரை மணிக்கு அப்பா கச்சேரியிலிருந்து கடிகாரத்தோடு வந்து, செருப்பைக் கழற்றி, கோட்டுப் பொத்தான்களைக் கழற்றி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ காப்பி இல்லையா?" என்றார். அதற்குப் பிறகு மகம் முதல் பாதம் என்று எழுதினார்.

அதன்பின் அம்மாவுக்கு இரண்டு பிரசவம். அடுத்ததற்கு யாரும் ஏமாறத் தயாராக இல்லை. ராகேலை ஒரு வாரம் முன்னதாகவே கொண்டுவந்து எங்கள் வீட்டில் உட்கார வைத்தார்கள். அம்மா அவளைப் பதினேழு நாள் காக்க வைத்தாள். வாழ்நாளில் அவள் தாமதமாகச் செய்த ஒரே காரியம். ராகேல் பதினேழு நாளும் வேதப்புத்தகம் படித்தாள். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சாங்கம் படித்தாள்.

தெருவில் அம்மாவின் கணக்குக்குப் பேர் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு எத்தனை தேங்காய், இத்தனை முழத் துணியில் எத்தனை ரவிக்கை, எல்லாம் எங்கள் வீட்டு வாசலுக்கு வரும். அடுக்களையிலிருந்து வெளியே வராமலே விடையைச் சொல்லி அனுப்புவாள். என்னைக் கல்லூரிக்கு அனுப்பவேண்டும் என்று அப்பாவிடம் ஒரே மூச்சில் சொன்னாள். அவர் யோசித்து முடிப்பதற்குள் பெயரைப் பதிவு செய்துவிட்டாள். கணக்கில் பட்டம் வாங்கினேன். முத்தாரம்மாளின் கால் இல்லாவிட்டால் எனக்குக் கணக்கு வந்திருக்காது என்று அம்மா சொல்லுவாள்.

எனக்குக் கல்யாணம் பேசியபோது முதல் ஜாதகமே பொருந்தியது. மகத்துப் பெண் என்று என் மாமியார் பெருமையாகக் கூட்டிக்கொண்டு போனாள். தொண்ணூற்று மூன்று வயது வரை திடமாக இருந்தாள். கடைசிவரை வெற்றிலை இடித்துக் கொடுக்க என்னைத்தான் கூப்பிடுவாள். அம்மா எழுபத்திரண்டில் போனாள். காலையில் எழுந்து பல் தேய்த்தாள், நெஞ்சில் என்னவோ செய்கிறது என்றாள், டாக்டருக்கு ஆள் அனுப்பினோம். எப்போதும்போல வருகிறவர்களுக்குக் காத்திருக்கவில்லை.

ஒரு தமிழ்ச் சங்க மலருக்கு என்று இதை எழுதி முடித்து, சீதாலக்ஷ்மி அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அத்தைக்கு இப்போது எழுபத்தேழு. என்னோடுதான் இருக்கிறாள். முற்றத்தில் அன்று நின்றவர்களில் மிஞ்சியிருப்பது அவள் ஒருத்திதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பூனைக்குச் சிரித்தாள். தைலாம்பாள் பெயர் வந்தபோது மூக்கைத் துடைத்துக்கொண்டாள். முடிந்ததும் கையை நீட்டித் தாளை வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு வரியில் நகத்தை வைத்தாள்.

"இது தப்பு."

"எது அத்தை? பாலா?"

"பால் கெடக்கட்டும். இது. ஒம்பதுன்னு எங்கம்மா சொன்னான்னு எழுதியிருக்கே."

"அப்படித்தான் அம்மா சொல்லுவா. உள்ளே கேட்டதாம்."

"உள்ள இருந்தவளுக்குக் கொரல் எப்படித் தெரியும்? எங்கம்மா ஒண்ணும் சொல்லல்லே. ஆறடி வரைக்கும் ஒழுங்காத்தான் வச்சா. அதுக்கப்புறம் குதிகாலை முந்தின கால் நடுவுல கொண்டு வச்சா. அப்படியும் எட்டேகாலோ என்னவோதான் வந்தது, எட்டரை தொடல்லே. கல்லுல விரல் முட்டித்து. வாயத் தொறக்கறா, சத்தம் வரல்லே. பொய் சொல்லிப் பழக்கமில்லையே, பாவம். என்னைத் திரும்பிப் பாத்தா." அத்தை தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "ஒம்பதுன்னு கத்தினது நானாக்கும். அதை மாத்தி எழுது."